பயந்தெளி கிண்ணத்துத் தண்ணீர்

"ஹலோ... ஹலோ, அதியாத்? ... நான்தான், பஹீஜா. ... ஆமா, ஆமா, ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். ... அந்த மிக்சியை நிறுத்துடி, காது கிழியுது. ... நிறுத்திட்டியா? ... நெஸ்மாவையும் நிறுத்து, உன் மக சத்தம் மிக்சியைவிட ஜாஸ்தி. ... சொல்றேன், சொல்றேன். மூச்சு விட விடு."

பஹீஜா நடைக்கோடியில் இருந்த ஜன்னலில் பாதி உடம்பை வெளியே சாய்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு இடத்தில்தான் சிக்னல் நின்றது. கீழே டிராம் ஒன்று முனகிக்கொண்டு போனது. இறால் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெடித்துப்போன கை அவளுக்கு. கைபேசியை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பக்கம் பேசுகிற அதியாத் அவளுக்கு நாத்தனார். அண்ணியும் அவளேதான். பஹீஜாவை அதியாத்தின் அண்ணனுக்குக் கொடுத்து, அதியாத்தை பஹீஜாவின் அண்ணனுக்கு எடுத்தார்கள். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் நாலு பேரும். அலெக்சாந்திரியாவின் மீன்பிடித் துறைக்குப் பின்னால் ஒரே கட்டடத்தில் கீழ்வீடு ஒருத்தி, மேல்வீடு ஒருத்தி. பஹீஜாவின் புருஷன் ரகப், படகோடு கடலில் மூழ்கிப் போன பிறகு இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அடுப்புதான் எரிந்தது.

"லுத்ஃபியா? ... தூங்கறான். ... சாப்பாடு போகுது, மூக்குல குழாய் போட்டு. ... ஐயோ, கத்தாதே, முழுங்கத் தெரியலை, அதான். ... பேச்சா? வாயைத் திறக்கறான், எச்சில்தான் வருது. என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருக்கான்னு சொன்னேனே... அது சிரிப்பு இல்லையாம் அதியாத். வாய் அப்படி இழுத்துக்கிட்டு நிக்குதாம். நான் ரெண்டு நாளா பதிலுக்குச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ... அழாதே. மாவுல கண்ணீர் விழப்போகுது. ... என்னன்னு தெரிஞ்சுபோச்சு, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ... இல்ல, ஜின்னு இல்ல. ... கண்ணேறும் இல்ல. ... கஞ்சாவும் இல்ல! உன் புருஷன்கிட்ட சொல்லு. நாக்கு குழறுது, நடை தள்ளாடுதுன்னு தெருவுல வச்சு என் பிள்ளையை அறைஞ்சாரே என் அண்ணன், அவர்கிட்ட சொல்லு. ... தெரியும், தெரியும். நல்லதுக்குத்தான் அறைஞ்சாரு. நல்லதைத் தவிர அந்தப் பையனுக்கு நாம எதைச் செஞ்சோம்?"

கிழக்குப் பக்கம் ஏதோ பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் பாங்கு முடிந்துகொண்டிருந்தது.

"செம்பு. ... செம்புடி. கம்பியில இருக்கே, பாத்திரத்துல இருக்கே, அந்தச் செம்புதான். அவன் ஒடம்புல சேர்ந்துபோச்சு. ... காசு எதையும் முழுங்கலை! அவன் என்ன கைக்குழந்தையா? ... கேளு முதல்ல. எல்லார் சாப்பாட்டுலயும் துளித் துளி செம்பு இருக்காம். எனக்கும் உனக்கும் அது வேணுமாம்கூட. வேண்டியதை வச்சுக்கிட்டு மிச்சத்தை ஈரல் வெளிய தள்ளிடுமாம். இவனுக்குத் தள்ளத் தெரியலை. பொறந்ததுலேருந்தே தெரியலை. ... ஆமா, பொறந்ததுலேருந்து. எங்க இறால் கூடத்துல வடிகால் அடைச்சுக்கிட்டா பார்த்திருக்கியே, முதல்ல ஒண்ணும் தெரியாது, நாம பாட்டுக்கு உரிச்சுக்கிட்டு இருப்போம், அப்புறம் காலுக்கு மேல நாத்தத் தண்ணி. அப்படித்தான். ஈரல் நிறைஞ்சு வழிஞ்சு, ரத்தத்தோட தலைக்கு ஏறிடுச்சாம். கையைப் பிடிக்கற இடம், நாக்கைப் பிடிக்கற இடம், அங்க போய் உக்காந்துக்கிச்சாம். ... எப்படித் தெரியுமா? கண்ணுல தெரியுது அதியாத். ஒரு விளக்குக்கு முன்னாடி அவன் மோவாயை வச்சு, என்னையே பார்க்கச் சொன்னாங்க. கருவிழியைச் சுத்தி பழுப்பா ஒரு வளையம், பழைய குழாயில துரு ஏறின மாதிரி. அவன் கண்ணு தேன் நிறமா அழகா ஆகுதுன்னு நீதானே சொன்னே போன வருஷம். நானும் பெருமைப்பட்டேன்."

அந்தப் பக்கம் கேள்விகள் வரிசையாக வந்து விழுந்தன. பஹீஜா ஒன்றுக்குத் தலையை ஆட்டினாள், பிறகு தலையாட்டல் போனில் போகாது என்பது நினைவுக்கு வந்தது.

"ஆமா, ஆமா, மருந்து இருக்கு. ஒண்ணு உள்ள இருக்கற செம்பை மூத்திரத்துல இழுத்துக்கிட்டு வருமாம். அப்புறம் ஜிங்க் மாத்திரை, அது புதுசா எதையும் உள்ள விடாம வாசல்ல நின்னுக்கும். காலம் பூரா முழுங்கணும். ... திரும்புமான்னா... கொஞ்சம் திரும்பும்கறாங்க. எவ்வளவுன்னு இஹ்ஸான் டாக்டரம்மாவே சொல்ல மாட்டேங்கறாங்க. 'நேரத்துக்கு வந்திருந்தா'ன்னு ஆரம்பிச்சாங்க, என் மூஞ்சியைப் பார்த்துட்டு நிறுத்திட்டாங்க. ... சாப்பாட்டுலயும் தள்ளி வைக்கணும். இறால் கூடாது. பாதாம், முந்திரி கூடாது. சாக்லேட் கூடாது. ஈரல் கூடவே கூடாது. ... சிரிக்காதே, நானும் டாக்டர்கிட்ட சொன்னேன், அலெக்சாந்திரியாவுல பொறந்தவன் ஈரல் ரொட்டி தின்னாம இருக்கறதுக்குக் கடல்லயே குதிச்சிடலாம்னு. ... ம். ரத்தம் ஊறட்டும்னு தினமும் சாயங்காலம் ஒரு பொட்டலம் வாங்கித் தந்தே. தெரியும். உன்னைச் சொல்லலை. நான் மட்டும் என்ன, கூடத்துலேருந்து மடியில கட்டிக் கொண்டுவந்த இறாலை யாருக்குப் பொரிச்சேன்? ... அதெல்லாம் சின்ன விஷயம். அவங்க இன்னொண்ணு கேட்டாங்க."

இதற்கு மேல்தான் கஷ்டம். அவள் ஜன்னல் சட்டத்தை இறுகப் பிடித்தாள்.

"வீட்டுல செப்புப் பாத்திரம் ஏதாவது உண்டான்னு கேட்டாங்க. ... இருக்கு, ஆனா எல்லாம் ஈயம் பூசினதுன்னேன். ... பூசாதது ஒண்ணுகூட இல்லையான்னாங்க. ... அதியாத்? ... இருக்கியா? ... ஆமா. அதைத்தான் சொன்னேன். உன் கிண்ணத்தை."

அதியாத்தின் கிண்ணத்தை அந்தச் சந்து முழுக்க அறியும். அவளுடைய தாய் வழியில் வந்த பயந்தெளி கிண்ணம். உள்பக்கம் முழுக்க குர்ஆன் வசனங்கள் வெட்டியிருக்கும். ஒருவருக்குத் திடுக்கிட்டுப்போய் நடுக்கம் கண்டால், அதில் தண்ணீர் ஊற்றி, பேரீச்சம்பழம் போட்டு, மொட்டை மாடியில் பனியில் வைத்து, விடிந்ததும் வெறும் வயிற்றில் குடிக்கக் கொடுப்பார்கள். வீட்டில் மற்ற எல்லாச் செப்புக்கும் வருஷா வருஷம் ஈயம் பூசுவார்கள். இதற்கு மட்டும் பூசுவதில்லை. பூசினால் எழுத்து மூடிப்போகும். அது பாவம். ரகப் கடலில் போன செய்தி வந்த அன்றுதான் லுத்ஃபியின் கை முதன்முதலாக நடுங்கியது. அப்பனை நினைத்துப் பயந்துவிட்டான் என்று எல்லாரும் சொன்னார்கள். அன்று முதல் ஒரு விடியல் தப்பாமல் அவன் அதில் குடித்தான்.

"இல்ல... இல்ல, நான் அப்படிச் சொல்லலை. ... கேளு. டாக்டரம்மா வசனத்தை ஒண்ணும் சொல்லலை. அவங்களும் தொழறவங்கதான். கிண்ணம் இந்த நோயைக் கொண்டுவரலைன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. நோய் அவனோடயே பொறந்தது. ஆனா ராத்திரி பூரா பழத்தோட ஊறின தண்ணியில செம்பு இறங்கியிருக்கும், நல்ல ஒடம்புக்கு அது ஒண்ணும் பண்ணியிருக்காது, இவன் ஒடம்புக்கு... ... அதியாத், நான் விஷம்னு சொன்னேனா? அந்த வார்த்தையை நான் சொன்னேனா? ... நான்தானே கையைப் பிடிச்சுக் குடிக்க வச்சேன். அவன் வாந்தி வருதுன்னப்போ மூக்கைப் பிடிச்சு ஊத்தினது நான். ... உன் அம்மாவை ஏன் இழுக்கறே? உன் அம்மா எனக்கு யாரு, அத்தையில்லையா? ... என் ரத்தமா? என் வயித்துல வந்த கோளாறா? எது உன் ரத்தம், எது என் ரத்தம்? ரெண்டும் ஒரே கிழவனோடதுதானே... ... ஹலோ? ... அதியாத்? ... ஹலோ?"

அதியாத் வைத்துவிட்டாள்.

பஹீஜா திரும்பி வார்டுப் பக்கம் பார்த்தாள். கதவின் கண்ணாடிச் சதுரத்தில் லுத்ஃபியின் பாதங்கள் தெரிந்தன. இடது பாதம் உள்பக்கமாகத் திருகிக்கொண்டு கிடந்தது. பந்து உதைத்துத் தெருவில் கண்ணாடி உடைத்த கால். இன்றைக்கு இன்னும் பெரிய வேலை மிச்சம் இருந்தது. அவள் மறுபடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே போனது. எடுக்கவில்லை. இன்னொரு தரம் அழுத்தினாள்.

"வைக்காதே. ... திட்டு, நல்லாத் திட்டு, ஆனா வைக்காதே. ... முடிஞ்சுதா? ... இன்னும் இருந்தா வீட்டுக்கு வந்தப்புறம் திட்டு. இப்ப நான் சொல்றதைக் கேளு. விஷயம் லுத்ஃபி இல்ல. சமாஹ். ... ஆமா, சமாஹ். ... அவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா ஒரே வயித்துல பொறந்தவங்க எல்லாரையும் பார்த்தே ஆகணுமாம். நாலு பிள்ளையில ஒண்ணுக்கு வரலாமாம். கை, நாக்கு எதுலயும் தெரியறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சா மாத்திரையிலயே நின்னுடுமாம். கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெத்துக்கலாம், கிழவியாகி உன்னை மாதிரி எல்லாரையும் திட்டலாம். தெரிஞ்சப்புறம் கண்டுபிடிச்சா... அதான் கட்டில்ல கிடக்கானே. ... இன்னிக்கு. ... இன்னிக்கேதான். அந்தக் கண் விளக்கு டாக்டர் வேற ஊர்லேருந்து வர்றவரு, அஸர் தொழுகைக்கு அப்புறம் கிளம்பிடுவாரு. ஹஜ்ஜுப் பெருநாள் லீவு கழிச்சுதான் இனிமே. ... தெரியும்டி. எனக்குத் தெரியாதா? என் மகளுக்கு ஃபாத்திஹா ஓத வர்றாங்க, எனக்குத் தெரியாதா?"

பிற்பகல், அஸர் நேரத்துக்கு மாப்பிள்ளை வீடு வருகிறது. ஏசி மெக்கானிக் ஷெரீஃப், அவனுடைய அம்மா உம்மு ஷெரீஃப், இரண்டு அத்தைகள். ஃபாத்திஹா ஓதி வார்த்தை கொடுத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அப்பன் இல்லாத பெண்ணை, சீர் கேட்காமல், அவளுடைய சிரிப்பைப் பார்த்து மட்டும் கேட்டு வந்த குடும்பம். அதியாத் விடியற்காலையிலிருந்து பஸ்பூஸா என்னும் ரவை இனிப்பு செய்துகொண்டிருந்தாள்.

"என்ன சொல்லச் சொல்றே அவங்ககிட்ட? கதவைப் பூட்டிட்டு வந்தா... ... ஆமா, ஆமா. உம்மு ஷெரீஃப் சும்மா போக மாட்டா. தம்பி ஆஸ்பத்திரியில, அக்காவும் ஆஸ்பத்திரியிலன்னா ரெண்டையும் ரெண்டையும் கூட்டத் தெரியாதவளா அவ? ... குடும்ப வியாதின்னு ஒரு வார்த்தை வெளிய போனா அப்புறம் அந்தப் பொண்ணை யாரு... ... தெரியும். ... தெரியும்டி. ... நான் பெத்தவ, எனக்கு ஆசை இல்லையா? போன வாரம் வரைக்கும் நான் தூங்கினதே இந்த ஒரு நாளை நினைச்சுத்தான். ... ம். ... ம். ... பெருநாள் கழிச்சா..."

அவள் குரல் இறங்கியது. கீழே ஒரு பெண் பூனைக்கு மீன் தலை போட்டுக்கொண்டிருந்தாள். பஹீஜா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது சமாஹுக்கு ஒரு ஜுரம் கண்டதில்லை. சோளக்கதிர் மாதிரி வளர்ந்தவள். கொஞ்ச நாள்தானே. இந்த ஒரு நாளாவது அவளுக்கு முழுசாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

"சரி. ... சரி, அதியாத். பெருநாள் முடிஞ்ச மறுநாள். நீயே கூட்டிட்டு வரணும். சத்தியமா? ... நான் அஸருக்கு வந்துடப் பார்க்கறேன், நர்ஸ்கிட்ட சொல்லிட்டு. ... எப்படி இருக்கா? உடுத்திட்டாளா? ... அந்தப் பச்சையா? ... மாஷா அல்லாஹ். ... ம். ... நிலா மாதிரியா. அப்பனைக் கொண்டு பொறந்தவ, இருக்கமாட்டாளா. ... என்ன? ... இல்ல, இப்ப என்ன சொன்னே? ... மை நீ போட்டுவிட்டியா? ... நீ ஏன் போட்டே? ... அவளே போட்டுக்குவாளே, கண்ணாடிகூட பார்க்காம ஒரே இழுப்பு இழுப்பாளே. சந்துல பாதிக் கல்யாணப் பொண்ணுக்கு அவதானே மை போடறா. ... ரெண்டு தடவை கலைஞ்சுதா? ... கண்ணுக்குள்ள குத்திக்கிட்டாளா? ... சிரிக்காதே அதியாத். ... வெக்கம் இல்ல. ... படபடப்பும் இல்ல. சொல்லு, எந்தக் கை? ... எந்தக் கைன்னு கேக்கறேன்!"

நடையில் போய்க்கொண்டிருந்த வார்டு ஊழியர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பஹீஜா முதுகைக் காட்டிக்கொண்டாள்.

"என்னது? ... என்ன கொடுத்தே? ... எப்பலேருந்து? ... லுத்ஃபி விழுந்து இங்க சேர்த்த மறுநாள்லேருந்தா? ... அவளுக்கு நடுக்கம் இருந்துதா அப்ப? ... 'லேசா'ன்னா என்ன லேசா? ... யா அல்லாஹ். ... தம்பி விழுந்ததைப் பார்த்துப் பயந்துட்டாள்னு... அதே கிண்ணத்துல... ... இன்னிக்கு விடியக்காலையிலயுமா? ... எங்கிட்ட ஏன்டி சொல்லலை? ... எனக்கு இருக்கற கவலை போதும்னா? ... சரி. சரி. அழாதே. நீ தெரிஞ்சு செய்யலை. உன்னை நான் ஒண்ணும் சொல்லலை. அவகிட்ட போனைக் கொடு. ... வேண்டாம்னா? நான் அவ அம்மா, கொடு!"

கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தமும் காலடிச் சத்தமும் மட்டும் கேட்டன. பஹீஜா முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வார்த்தை வந்தபோது அது வேறு குரல்.

"சமாஹ்? ... அம்மாதான்டா. ... ம், கேட்டேன், கேட்டேன். பச்சை உடுத்தியிருக்கியாமே. ... ஆமா, தம்பி நல்லா இருக்கான். ... உன்னைக் கேட்டான். ... பொய்தான். எப்படிக் கண்டுபிடிக்கறே நீ? ... கண்ணு, ஒண்ணு கேக்கறேன், அத்தை இருந்தா கொஞ்சம் தள்ளி நில்லு. ... கை எப்பலேருந்து? ... எங்கிட்ட மறைக்காதே. ... நான் கோபப்படலை. ... நோன்பு மாசத்துலேருந்தா? ... பசியாலன்னு நினைச்சியா. ... அப்புறம்? ... எழுத்தும் சின்னதா ஆகுதா? ... ம். ... ஏன்டா சொல்லலை? ... தம்பி மாதிரி உன்னையும் பார்ப்பாங்கன்னா? ... ஷெரீஃபுக்குத் தெரிஞ்சிடும்னா. ... ம். ... ராத்திரியில கையைத் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டுத் தூங்கினியா? நான் பக்கத்துலதானே படுத்திருந்தேன். ... இல்லடா, நீ தப்புப் பண்ணலை. அழுதா அழு. ... கேளு, கேளு. நீ தம்பி இல்ல. நீ நடக்கறே, பேசறே, எங்கிட்ட பொய் சொல்லக்கூடத் தெரியுது. இப்ப பிடிச்சா நிறுத்திடலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. இப்பன்னா இப்ப. அத்தையோட டாக்சி பிடிச்சு வந்துடு. ... அவங்க வரட்டும், போகட்டும், அது... ... என்ன? ... எங்க?"

போன் வழியாகவே அது வந்தது. படிக்கட்டில் பெண்களின் குலவை. ஒருத்தி தொடங்க, இன்னொருத்தி வாங்கி நீட்டி, கட்டடத்தின் ஒவ்வொரு மாடியாக ஏறி வந்தது. வழக்கத்துக்கு மாறாக உம்மு ஷெரீஃப் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். இந்தச் சத்தத்தைத்தான் பஹீஜா இரண்டு வருஷமாகக் காதுக்குள் வைத்திருந்தாள்.

"சமாஹ், போனை வைக்காதே. ... சமாஹ்? ... யாரு, அதியாத்தா? ... அதியாத், கதவைத் திறக்காதே. ... இல்ல, இல்ல, அது சரியில்ல, விருந்தாளியை வாசல்ல நிறுத்தக் கூடாது. திற. திறந்து... ... எனக்கென்ன தெரியும் என்ன சொல்லணும்னு! ... வயித்துவலின்னு சொல்லு. ... வேண்டாம். வேண்டாம், பொய் சொல்லி ஓதின ஃபாத்திஹா நிக்காது. ... உனக்கு முடியலைன்னா போனை உம்மு ஷெரீஃப்கிட்ட கொடு, நான் சொல்றேன். ... அதியாத், நீதான் அவளுக்கு ரெண்டு வருஷமா அம்மா மாதிரி. நான் இறால் கூடத்துல நின்னப்போ சோறு போட்டவ நீ. இப்பவும் நீதான். நான் இங்கேருந்து பறந்து வர முடியாது. ... ஹலோ? ... அதியாத்?"

போனை எங்கேயோ வைத்திருந்தார்கள். தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. குலவை ஒரேயடியாகப் பெரிதாகி வீட்டுக்குள் வந்தது. பிறகு பாதியில் நின்றது. நீட்டி முடிக்காமல், கத்தரித்த மாதிரி. அதற்குப் பிறகு ஒரு குரல் மட்டும் பேசியது. தூரத்தில், தணிந்து, ஒரே சீராக. என்ன சொல்கிறதென்று பஹீஜாவுக்குப் புரியவில்லை. யார் பேசுவது என்பது மட்டும் புரிந்தது. தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். நாற்காலி ஒன்று தரையில் உரசியது. செருப்புச் சத்தங்கள். படி இறங்கும் சத்தம். அப்புறம் நெஸ்மா ஏதோ கேட்க, யாரோ அவளை அடக்கினார்கள்.

"ஹலோ? ... யாராவது எடுங்களேன்! ... அதியாத். ... என்ன ஆச்சு? ... சமாஹே சொன்னாளா? ... கையை நீட்டிக் காட்டினாளா, அவங்க முன்னாடி? ... ம். ... ம். ... உம்மு ஷெரீஃப் என்ன சொன்னா? ... ஒண்ணும் சொல்லலையா. ... போயிட்டாங்களா? ... எல்லாரும்? ... ஷெரீஃப் கீழேயே நின்னுட்டானா, மேல வரவே இல்லையா. ... சரி. ... கொண்டுவந்த பரிசுப் பெட்டியை எடுத்துட்டா போனாங்க? ... மேசையிலயே வச்சுட்டா? ... மறந்துட்டாங்களா, வச்சுட்டுப் போனாங்களா? ... எனக்கும் தெரியலை. இப்ப அதைப் பத்தி நினைக்க வேண்டாம். திரும்பி வந்து கேட்டா கொடுத்துடு, கேக்கலைன்னா இருக்கட்டும். ... அவ எங்க? ... செருப்புப் போட்டுட்டாளா? ... அவதான் உன்னை அவசரப்படுத்தறாளா? ... அல்லாஹ் அவளைக் காப்பாத்தட்டும். ... கடலோரப் பாதையில வராதே, லீவுக் கூட்டம் இருக்கும். டிராம் ரோட்டுல வந்துடு. முன் வாசல் இல்ல, பின் வாசல், அங்க நான் நிக்கறேன். ... ரகப் இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பாருன்னா கேக்கறே? உன் அண்ணன்தானே, உனக்குத் தெரியாதா? டாக்சிக்காரன்கிட்ட சண்டை போட்டுக்கிட்டு இருப்பாரு. ... கிளம்பு. ... ம்? ... என்ன? ... சொல்லு, கேக்குது."

சந்து முழுக்கக் கேட்கக் கத்திப் பழகிய அதியாத்தின் குரல், இப்போது அடுப்பங்கரை மூலைக்குப் போய், பக்கத்தில் நிற்கிறவளுக்குக்கூடக் கேட்காதபடி எதையோ கேட்டது. பஹீஜா கண்ணை மூடிக்கொண்டாள். இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். டாக்டரம்மா நேற்றே அவளிடம் கேட்டிருந்தார்கள், வீட்டில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்களுடைய அப்பா அம்மாவும் உறவா என்று. அதை எப்படிச் சொல்வது என்றுதான் இரவெல்லாம் யோசித்தாள்.

"... ஆமா. ... ஆமா, அதியாத். நாம ஒரே மாதிரிதான் கொடுத்து எடுத்தோம். ... இல்ல, கட்டாயம் இருக்கும்னு யாரும் சொல்லலை. பார்த்துடலாம், அவ்வளவுதான். ... கவுனை மாத்த வேண்டாம், இருக்கறபடியே தூக்கிட்டு வா. ... ஆமாடி. நெஸ்மாவையும் கூட்டிட்டு வா."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. பஹீஜா படி இறங்கிப் பின் வாசலுக்குப் போனாள்.